எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது

என் கணவர் விவிலியம் படிக்க ஆரம்பித்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது சபைக்காரர்களைத்தான். எங்கள் தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மைக் வைத்துப் பாடும் ஒரு சபை இருந்தது. அவர்கள் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். அடுத்ததாக ஒரு பெண் இருப்பாளோ என்று சந்தேகப்பட்டேன். அதுவும் இல்லையென்றால் ஏதோ பெரிய வியாதி வந்து என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்து, அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பையில் மருந்துச் சீட்டு தேடினேன். ஒரு பஸ் டிக்கெட்டும் பாதி பீடிக்கட்டும்தான் இருந்தன.

அவர் லாரி டிரைவர். பாலக்கோட்டுச் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம், மதுரை, கேரளா என்று இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஊர்ப் பலகைகளைத் தவிர அவர் எதையும் எழுத்துக்கூட்டிப் படித்து நான் பார்த்ததில்லை. அந்த விவிலியம் எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. ஒருநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அதை எடுத்து உறையைக் கிழித்து, சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார். வாய்விட்டுத்தான் அவருக்குப் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகக் கல்லில் உரசுவதுபோல் படித்தார்.

"என்ன திடீர்னு?" என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றார்.

சும்மா என்ற சொல்லை நான் நம்புவதில்லை. எனக்குத் தொழிலே அதுதான். நான் தமிழாசிரியை. பழைய பாட்டொன்றைக் கையில் கொடுத்தால் எது மூலத்தில் இருந்தது, எது பின்னால் வந்தவன் நுழைத்த இடைச்செருகல் என்று பார்ப்பதில் எனக்குக் கல்லூரி நாளிலேயே ருசி உண்டு. ஒரு சொல் அந்தக் காலத்துச் சொல்லாக இருக்காது. ஒரு வரி மற்ற வரிகளோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே விரலை வைத்தால் தையல் தட்டுப்படும். அப்படியொரு தையல் அந்த நாட்களில் என் கணவரின் பேச்சிலேயே எனக்குத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்பு தொப்பூர் இறக்கத்தில் அவர் லாரி விபத்தானது. முழு லோடு தக்காளி. மொபெட்டில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பாப்பாரப்பட்டிப் பக்கத்து விவசாயி, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. கூட்டம் சேர்ந்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்து என் கணவர் ரோட்டோரக் குன்றின் கரட்டுப் பக்கம் ஓடிவிட்டார். சாயங்காலம் லாரி முதலாளியோடு போய் ஸ்டேஷனில் ஆஜரானார். ஜாமீன் கிடைத்தது. வழக்கு கோர்ட்டுக்கு வரக் காத்திருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸில் சொன்னார். என்னிடமும் அதையே சொன்னார். ஆனால் என் அண்ணனிடம், ஹாரன் அடித்தும் அந்த ஆள் ஒதுங்கவில்லை என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட வண்டியை ஒடித்தேன் என்றார். அந்த இடத்தில் எதிரே பஸ் வராது. போகிற பாதையும் வருகிற பாதையும் தனித்தனி. அது அவருக்குத் தெரியாததல்ல.

நான் அதை அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்துவிடும் என்ற பயம் இருந்தது.

லாரியை விட்டுவிட்டுச் சந்தையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். காலையிலும் மாலையிலும் படிப்பு. புரியாத சொல் வந்தால் என்னைக் கூப்பிடுவார். வேலையாக இருந்தாலும் போய்ச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அந்தப் புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதையோடு சேர்ந்த ஒரு நம்பிக்கையின்மை எப்போதும் உண்டு. நானும் ஞானஸ்நானம் பெற்றவள்தான். பூசையில் வாசகம் வாசித்திருக்கிறேன். இருந்தும், ஆயிரம் வருடத்துக்கு மேல் பல பேர் பல ஊர்களில் உட்கார்ந்து எழுதியதை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்து, எல்லாம் ஒன்று என்று சொன்னால் தமிழ் படித்தவள் எப்படி ஒத்துக்கொள்வது? தொகுத்தவன் யார், எதை விட்டான், எதைச் சேர்த்தான் என்றுதானே கேட்கத் தோன்றும்.

அவரிடமே காட்டினேன். "இங்க பாருங்க. முதல் பக்கத்துல ஆணையும் பெண்ணையும் ஒண்ணா படைச்சாச்சு. பக்கத்தைத் திருப்பினா மறுபடியும் மண்ணுலேர்ந்து ஆணைப் பண்றாரு, அப்பறமா பெண்ணை. ரெண்டு பேரு எழுதினதை ஒட்ட வெச்சிருக்காங்க."

அவர் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டு பேரு பார்த்தா ரெண்டு மாதிரிதான சொல்லுவாங்க" என்றார். "ஒரே ஆளு ரெண்டு மாதிரி சொன்னாத்தான் தப்பு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் தம்பியைக் கொன்ற இடம் வந்ததும் படிப்பு நின்றது. மூன்று நாள் அதே பக்கம். கொன்றவனிடம் கடவுள் வந்து உன் தம்பி எங்கே என்று கேட்கிற இடம். விரல் அங்கேயே இருக்கும், குரல் வராது. நான்காம் நாள் சத்தமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். அதன் பிறகு வேகம் கூடியது. வம்ச வரிசை, வெள்ளம், பாலைவனம், சட்டம், ராஜாக்களின் சண்டை எதையும் விடவில்லை. எதையோ தேடுகிறவர்போல் படித்தார். தொலைத்த சாவியைத் தேடுகிறவன் எல்லா டப்பாவையும் திறந்து பார்ப்பான் இல்லையா, அப்படி.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "படிக்கட்டும்மா. பயப்பட என்ன இருக்கு? பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு எல்லாத்துக்கும் ஒரே செய்திதான், கடவுளோட அன்பு. அது மனசுல பட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகத்தை ஒரு சொல்லில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறாரே என்று எனக்குப் பட்டது. மாணவர்கள் பரீட்சையில் மையக்கருத்து எழுதுவது இப்படித்தான். பாட்டைப் படிக்காதவன்கூட மையக்கருத்தை மனப்பாடம் செய்து எழுதிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை விஷயம் என் கண்ணில் பட்டது அதற்கப்புறம்தான். செவ்வாய்தோறும் சாயங்காலம் அவர் கைவிரல்கள் பச்சைக் கறுப்பாக இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை. நான் தக்காளி பயிரிட்ட வீட்டில் பிறந்தவள். பழப்பெட்டி தூக்கினால் அந்தக் கறை வராது. செடியைத் தொட்டு வேலை செய்தால் மட்டுமே வரும். செடியின் தண்டிலும் இலையிலும் உள்ள சுணை ஒட்டிக்கொண்டு, காய்ந்து, கறுத்துப்போகும்.

"இன்னிக்கு எங்க போயிருந்தீங்க?"

"எங்க போவேன், சந்தைக்குத்தான்."

அடுத்த செவ்வாய் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். முந்தின வாரம் அவர் பையிலிருந்து எடுத்துவைத்த டிக்கெட்டில் பாப்பாரப்பட்டி வரைக்கும் கட்டணம் இருந்தது. நிறுத்தத்தில் இருந்த டீக்கடையில் விசாரித்தேன். வெளியூர் ஆள் ஒருவர் வாரம் ஒருநாள் வருகிறாரே என்றதும் மண்பாதையைக் காட்டினார்கள். விபத்தில் இறந்தவரின் ஊர்ப் பக்கம் அது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. நடக்க நடக்க என் மனசு ஒரு பெண்ணின் முகத்தை வரைந்துகொண்டே வந்தது. வயதுகூட முடிவு செய்துவிட்டேன்.

ஒரு தக்காளித் தோட்டத்தில், குச்சி நட்டுச் செடிகளைக் கயிற்றில் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் அவர். என்னைப் பார்க்கவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் நாற்பது வயதுள்ள ஒருவர் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொடுத்தார். அந்தக் குச்சி கட்டுகிறவர் யார் என்று கேட்டேன்.

"தெரியலீங்க" என்றார். "செவ்வாக்கிழமை ஆனா வந்துடறாரு. பேரைக் கேட்டா சிரிக்கிறாரு. கூலி குடுத்தா வேணாங்கறாரு, ஒரு வேண்டுதலாம். எனக்கு நம்பிக்கையில்லீங்க. நெலத்தைப் பார்த்து வெச்சுக்க வர்றாரோ, இல்ல கேஸ் விசயமா எவனாச்சும் அனுப்பிச்சானோ. தொப்பூர்ல என் தம்பி லாரியில அடிபட்டுப் போனதுலேர்ந்து எவன் வந்தாலும் சந்தேகமாத்தான் இருக்குது. ஆனா வேலை சுத்தமா செய்யறாரு. அதனால உட்டு வெச்சிருக்கேன். நீங்க யாருங்க?"

"பஸ்ஸுக்கு வந்தேன். வழி தவறிட்டேன்" என்றேன். அவர் என்னையும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியிடம், அந்தப் பக்கத்தில் பல குடும்பங்கள் வீட்டுக்குள் பேசும் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

டீக்கடை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். பக்கத்தில் உட்காரவில்லை. பஸ் வந்து ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"நியூட்ரல்ல உட்டேன்" என்றார்.

இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிடுவது. டீசல் கொஞ்சம் மிச்சமாகும். டிரைவர்கள் பல பேர் செய்வது. செய்யாதே என்று தொப்பூரில் பலகைக்கு மேல் பலகை வைத்திருக்கிறார்கள். அப்படி விட்டால் லோடு வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக்கைத் தவிர வேறு கதியில்லை. சூடேறிப்போனால் அதுவும் செத்துவிடும்.

"பிரேக் புடிக்கலன்னு சொன்னது பொய்யில்ல. ஏன் புடிக்கலன்னுதான் சொல்லல. ஹாரன் அடிச்சதும் பொய். கை ஸ்டியரிங்ல இருந்துச்சு. அவரு திரும்பிப் பார்த்தாரு. நான் எறங்கி ஓடிட்டேன். உசுரு இருந்துச்சா இல்லையான்னுகூடப் பார்க்கல."

ஆக, என் சந்தேகம் சரி. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனாலும் விடவில்லை. "அவங்க தோட்டத்துல பேரு சொல்லாம வேலை செஞ்சா எல்லாம் தீர்ந்துடுமா? இதுவும் ஒளிஞ்சுக்கறதுதான். அன்னிக்குக் கரட்டுல ஒளிஞ்சீங்க, இன்னிக்குச் செடிக்குள்ள."

அவர் சொன்னார்: "மொதப் பக்கத்துலயே அதான் வருது. பழத்தைத் தின்னுட்டு மரத்துக்கு நடுவுல ஒளிஞ்சுக்கறான். எங்க இருக்கேன்னு கேட்டுக்கிட்டு சாமி வர்றாரு. தெரியாமயா கேக்கறாரு? அப்பறம் அண்ணன்காரன்கிட்ட கேக்கறாரு, தம்பி எங்கடான்னு. பக்கம் பக்கமா இதேதான். பேருதான் மாறுது, ஊருதான் மாறுது. ஒருத்தன் ஓடறான், அவரு தேடிக்கிட்டு வர்றாரு. நீ தையலு தையலுங்கற. எனக்கு ஒரே ஆளு வெரட்டற மாதிரிதான் இருக்குது."

எட்டாம் வகுப்போடு நின்றவர் சொன்னதை எம்.ஏ. படித்தவள் கேட்டுக்கொண்டு வந்தேன். உள்ளே ஒரு பக்கம், குற்றம் செய்தவன் தனக்கு வேண்டியதைப் புத்தகத்தில் பார்க்கிறான் என்றது. பசித்தவனுக்கு நிலா தோசையாகத் தெரியாதா? "அப்படின்னா கேள்விக்குப் பதில் சொல்லுங்க" என்றேன். "எங்க இருக்கீங்கன்னு கேட்டா, இங்க இருக்கேன்னு சொல்லணுமில்ல."

அடுத்த செவ்வாய் இரண்டு பேரும் போனோம்.

அந்த அண்ணன் கையில் சணல் கயிறு உருண்டை இருந்தது. என் கணவர் வரப்பில் நின்று, தன் பெயரையும் லாரி நம்பரையும் சொன்னார். நியூட்ரலைச் சொன்னார். ஓடியதைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. இந்தத் தடவை ஒரே மாதிரிதான் சொன்னார்.

அண்ணன் அசையவில்லை. "கேஸ முடிச்சுக்கலாம்னு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கோர்ட்டுல இதையே சொல்லிடறேன்."

"எந்த வக்கீலு இப்பிடிப் பேசச் சொன்னான்?"

"யாரும் சொல்லலீங்க."

அவர் என்னைப் பார்த்தார். வழி தவறி வந்தேன் என்று போன வாரம் பொய் சொன்ன முகம். நான் தலை குனிந்தேன். பிறகு அவர் கேட்டது வேறு. "சாவறப்ப என் தம்பி எதாச்சும் சொன்னானா?"

"தெரியலீங்க. நான் அங்க இல்ல. ஓடிட்டேன்."

"போயிடுங்க" என்றார் அவர். குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் போயிடுங்க."

வக்கீல் எவ்வளவோ தடுத்தும் என் கணவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் தண்டனை. கோர்ட் வாசலில் வண்டியில் ஏற்றும்போது என் கையில் விவிலியத்தைக் கொடுத்துவிட்டு, "உள்ள வேற புத்தகம் குடுப்பாங்களாம். இது உங்கிட்ட இருக்கட்டும். நான் வுட்ட எடத்துலேர்ந்து படி" என்றார். இதைச் செய்தால் தூக்கம் வரும் என்று தனக்காகத்தான் செய்தாரோ, என்னைப் பற்றி, விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசித்தாரா என்று எனக்கு ஆத்திரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கோயிலில் பெண்கள் ஜெபம் செய்வதாகச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு, நியூட்ரல் விவரத்தைத் தோண்டுவார்கள்.

யாரோடும் பேசப் பிடிக்காமல்தான் அவர் விட்ட இடத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தையல் நிறையவே தட்டுப்பட்டது. ஒரு ராஜாவை ஓரிடத்தில் புகழ்கிறது, இன்னோரிடத்தில் கிழிக்கிறது. நல்லவனுக்கு நல்லதே நடக்கும் என்கிறது ஒரு புத்தகம். நடக்கவில்லையே என்று கடவுளின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறது அடுத்த புத்தகம். இதையெல்லாம் தொகுத்தவன் மறைக்க நினைத்திருந்தால் எளிதாக மறைத்திருக்கலாம். ஒப்பேற்றி எழுதுகிறவன் முதலில் செய்வது அதைத்தான். என் கணவரின் முதல் கதையில் ஒரு முரண்பாடும் இல்லையே, பிரேக் பிடிக்கவில்லை என்ற ஒரே வழவழப்பான வாக்கியம்தானே. இது எனக்குப் பிடிக்காத ஒரு நினைப்பு. ஆனால் வந்துவிட்டது.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே அந்த அண்ணன் நின்றிருந்தார். தனியாக வந்திருந்தார். மகளை ஊருக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்பதுவரை யோசனை ஓடியது. உள்ளே கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"உங்க வூட்டுக்காரரு எதோ புத்தகம் படிச்சுட்டுத்தான் வந்து சொன்னாருன்னு வக்கீலு சொன்னாரு" என்றார். "சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருப்பாராம். அந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்குது, போய் ஒத்துக்கன்னு? அதைக் காட்டுங்க. பார்த்துட்டுப் போயிடறேன்."

எடுத்துவந்தேன். எந்தப் பக்கத்தைக் காட்டுவது? ஒத்துக்கொள் என்று எழுதிய வரிகள் உண்டு. அவற்றைக் காட்டியிருந்தால், எங்கள் சாமி புத்தகத்திலும் இது இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். என் கணவரை விரட்டியது ஒரு வரி இல்லை என்று எனக்குத் தெரியும். "ஒரு பக்கத்துல இல்லீங்க" என்றேன். "உட்காருங்க, சொல்றேன்."

அவர் செருப்பைக் கழற்றினார்.

மரத்துக்கு நடுவில் ஒளிந்தவனைச் சொன்னேன். அண்ணன் தம்பி கதையைச் சொன்னபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொன்னவனைத் தேடி வர்றாரு, சரி. செத்தவன் பக்கத்துலேர்ந்து பேச அதுல யாரு இருக்கா?"

பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இப்படியொரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "தம்பியோட ரத்தம் மண்ணுலேர்ந்து கூப்பிடறது எனக்குக் கேக்குதுன்னு சாமி சொல்றாருங்க. வேற யாருக்கும் அது கேக்கல."

நான் தொடர்ந்தேன். ஒரு வீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்ல வைத்த ராஜாவைச் சொன்னேன். அவனிடம் ஒரு இறைவாக்கினர் வந்து, ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொல்லி, அந்தப் பணக்காரன் நீதான் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதைச் சொன்னேன். கடைசியில் தேடி வந்தவரையே பிடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று இயேசுவின் கதையைச் சொன்னேன். தப்பே செய்யாதவர் குற்றவாளிகளுக்கு நடுவில் குற்றவாளியாகத் தொங்கியதை, அப்போதும் பக்கத்தில் தொங்கிய திருடனோடு பேசியதை, எழுந்து வந்த பிறகும் தன்னை விட்டு ஓடிப்போனவர்களையே தேடிப் போனதைச் சொன்னேன். கடைசிப் புத்தகத்துக்கு வந்தபோது எனக்கே ஒன்று பிடிபட்டது. "முடிவுல எல்லாத்துக்கும் நடுவுல நிக்கறது வெட்டுப்பட்ட ஆட்டுக்குட்டிங்க, கொல்லப்பட்ட அந்த இயேசுதான். ராஜா கோலத்துல இல்ல. செத்தவன் பக்கத்துலேர்ந்து யாருன்னு கேட்டீங்களே. மொதல்லயும் கடைசியிலயும் அந்தப் பக்கத்துலதான் நிக்குது இந்தப் புத்தகம்."

சொல்லி முடித்தபோது என் குரலை நானே சந்தேகப்பட்டேன். இவரைச் சமாதானப்படுத்துவதற்காகப் புத்தகத்தை வளைக்கிறேனா? அன்று பஸ்ஸில் என் கணவர் சொன்னதையா ஒப்பிக்கிறேன்? ஆனால் அவர் பார்த்தது ஓடுகிறவனை. நான் சொன்னது வேறு, அடிபட்டவனைப் பற்றி. இரண்டும் ஒரே பக்கங்களில்தான் இருந்தன.

"இன்னொண்ணு சொல்லுங்க" என்றார். "அண்ணன் தம்பி கதை வேற இருக்குதா?"

இயேசு சொன்ன இரண்டு மகன்களின் கதையைச் சொன்னேன். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவன். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு விருந்து வைத்த அப்பா. வயலிலிருந்து வந்த மூத்தவன் பாட்டுச் சத்தம் கேட்டு, கோபத்தில் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுவிட்டது. அவனையும் தேடி அப்பாவே வெளியே வந்து கெஞ்சியது.

"அப்பறம்? அந்த அண்ணன் உள்ள போனானா?"

"எழுதலீங்க."

"எழுதலையா, இல்ல எவனாச்சும் கிழிச்சுட்டானா?"

என் கேள்வி அது. இத்தனை நாள் நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. "கிழிக்கலீங்க" என்றேன். "அங்கதான் நிறுத்தியிருக்காரு."

அவர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே பார்த்தார். வரி முடிந்து அடுத்த தலைப்பு ஆரம்பிக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

என் கணவர் தண்டனை முடிந்து மெலிந்து வந்தார். இரண்டாவது வாரம் பாப்பாரப்பட்டிக்குப் போய், வரப்பில் கால் வைக்காமல் நின்றாராம். அந்த அண்ணன் கிட்டே வந்து, "வூட்டுக்கு வராதீங்க. என் பொண்டாட்டியால தாங்க முடியல. ரோட்டுல பார்த்தா பேசுவேன்" என்றாராம். இவர் திரும்பி வந்துவிட்டார். அதுதான் கிடைத்தது. மன்னித்தேன் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. விபத்து நடந்த நாள் வந்தால் இப்போதும் என் கணவர் சாப்பிடுவதில்லை. எனக்கும் ஒரே வரியில் செய்தி சொல்கிறவர்களைக் கண்டால் காது அடைத்துக்கொள்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோம். பாப்பாரப்பட்டியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. வெற்றிலை வாங்க இறங்கிய என் கணவரை அந்த அண்ணன் பார்த்துவிட்டார். சைக்கிளை நிறுத்தினார். இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று பேசினார்கள். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் இரண்டு தடவை தலையாட்டினார். அந்த அண்ணன் கையை நீட்டி மேற்கே எதையோ காட்டினார். டிரைவர் ஹாரன் அடித்தும் பேச்சு முடியவில்லை. கண்டக்டர் கத்திய பிறகுதான் இவர் ஓடிவந்து ஏறினார்.

"என்ன பேசினாரு?" என்றேன்.

"தக்காளிக்கு இலைச்சுருட்டை நோய் வந்திருக்குதாம். என்ன மருந்து அடிக்கலாம்னு கேட்டாரு."

"அவ்வளவு நேரமா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை.